ஷௌகத் கானும் அடுக்களையில் முளைத்த தூணும்

எண்ணெய்க் கிணறுகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருஷம், குளிர் விட ஆரம்பித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஹமதான் நகரத்து மேட்டுத் தெருவில் தோல் பதனிடும் நஜஃப்கோலியின் வீட்டு அடுக்களைத் தரையைப் பிளந்துகொண்டு நான்கு கல் கொம்புகள் முளைத்தன. அந்த வாரம் வெங்காயம் விலை ஏறியிருந்தது. அல்வந்த் மலைப்பாதையில் பனி உருகாததால் கிராமங்களிலிருந்து சுமைக்கழுதைகள் வந்து சேரவில்லை. தெருவில் வெங்காயத்தைப் பற்றித்தான் பேச்சு. கொம்புச் செய்தி மத்தியானத்துக்கு மேல்தான் பரவியது.

நஜஃப்கோலியின் மனைவி ஷௌகத்துக்கு அப்போது இருபது வயது தாண்டியிருந்தது. மகள் மஹின் கைக்குழந்தை. முதலில் ஏதோ பட்ட மரத்தின் வேர் என்று நினைத்தவள், ஒரு செம்பு தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்தாள். கருஞ்சாம்பல் நிறத்தில் கல் பளபளத்தது. இரண்டு கொம்பு ஒரு பக்கமும் இரண்டு கொம்பு எதிர்ப் பக்கமும் வளைந்திருந்தன. அடுப்பிலிருந்து இறக்கிய ஆஷ் கஞ்சிப் பானையை அவற்றின்மேல் வைத்தாள். ஆடாமல் நின்றது. அந்த வீட்டில் ஆடாமல் நின்ற முதல் சாமான் அதுதான் என்று அவள் பிற்பாடு சொல்வதுண்டு.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த நஜஃப்கோலி சம்மட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனார். ஷௌகத் கொம்புகளுக்கு முன்னால் குழந்தையோடு உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டுக்குள்ள கல்லு முளைச்சா குடி விளங்காது. தள்ளு" என்றார் அவர்.

"மஹின் அப்பா, ஒரு தடவை தொட்டுப் பாருங்க. எவனோ உக்காந்து தேய்தேய்னு தேய்ச்சிருக்கான். நீங்க பதம் பண்ணின தோலை ஒருத்தன் வந்து கத்தியால கிழிச்சா சும்மா இருப்பீங்களா?"

நஜஃப்கோலி குனிந்து, தோலைத் தடவிப் பார்க்கும் அதே கட்டைவிரலால் கொம்பைத் தடவிப் பார்த்தார். சம்மட்டியை எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. ஆனால் கொம்புகளை மன்னிக்கவும் இல்லை. சாப்பாட்டைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

கோடை முழுக்கத் தலைகள் வந்தன. சுருள் சுருளான முன்னெற்றி, காதுகள், நரம்பு புடைத்த கன்னங்கள். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு காளைகள். ஒன்று ரொட்டி சுடும் தந்தூர் அடுப்பைப் பார்த்தது, மற்றது கோதுமைப் பத்தாயத்தைப் பார்த்தது. அடுப்பைப் பார்த்ததற்குப் பசித்தவன் என்றும் பத்தாயத்தைப் பார்த்ததற்குக் கஞ்சன் என்றும் தெருப் பெண்கள் பேர் வைத்தார்கள். பேர் வைத்தாயிற்று என்றால் அது வீட்டு ஆள்தான். குழந்தைக்குப் பால் புகட்டும்போது ஷௌகத் பசித்தவன் நெற்றியில் முதுகைச் சாய்த்துக்கொள்வாள்.

நஜஃப்கோலியின் அண்ணன் யதொல்லாவுக்கு அந்த வீட்டில் சரிபாதி உரிமை இருந்தது. அரசாங்கத்துக்குத் தெரிந்தால் வீட்டையே எடுத்துக்கொள்வார்கள் என்று அவருக்குப் பயம். முதல் பனி விழுந்த அன்று அடுக்களைக் கதவைச் சாத்திப் பெரிய பூட்டாகப் போட்டு, சாவியை இடுப்புப் பட்டைக்குள் செருகிக்கொண்டார். ஷௌகத் முற்றத்தில் சாக்கு கட்டிச் சமைத்தாள். ரமலானுக்குப் பெரிய பாத்திரங்கள் எடுக்க வேண்டிவந்து அவர் பூட்டைத் திறந்தபோது, காளைகளைக் காணோம். கொம்பு நுனிகள் மட்டும் தரையில் தெரிந்தன. வந்த வழியே போகிறது, சனி விட்டது என்று யதொல்லா நிம்மதியாகத் தேநீர் கேட்டார்.

ஷௌகத் தேநீர் கொடுத்தாள். பிறகு பெண்களுக்கான பொதுக் குளியலறைக்குப் போய், அங்கே மருதாணி வைத்து உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் கையோடு அழைத்துவந்தாள். ஈரத் தலையோடு அவர்கள் அடுக்களையைச் சுற்றி நின்று பார்க்கப் பார்க்க, இரண்டு நெற்றிகளும் மாவு பொங்குவதுபோல மேலே வந்தன. அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அன்று சாயங்காலமே அடுக்களைக் கதவைக் கீல்களோடு பெயர்த்து, கோடரியால் பிளந்து, தந்தூரில் போட்டு எரித்தாள். அந்தத் தணலில் சுட்ட முதல் ரொட்டியைத் துணியில் சுற்றி யதொல்லாவின் அறைக்கு அனுப்பினாள். "அண்ணன் சூடா சாப்பிடட்டும். அவரு கதவுல சுட்டது" என்று சொல்லி அனுப்பினாளாம். அதற்குப் பிறகு அந்த அடுக்களைக்குக் கதவே இருந்ததில்லை. ஹமதான் குளிர் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு அவள் என்ன முடிவு எடுத்தாள் என்பது புரியும்.

ஆனால் பார்ப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. தெரு பார்த்து முடித்தது, பக்கத்துத் தெரு பார்த்தது, சந்தைக்கு வந்த கிராமத்தார் பார்த்தார்கள். பார்த்தவர்களே திரும்ப வந்து "ஆமா, மாடுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காளைகள் கழுத்தோடு நின்றுவிட்டன. இரண்டு வருஷம் அப்படியே கிடந்தன.

அப்போதுதான் பழம்பொருள் துறையிலிருந்து கியான்பூர் என்ற இளம் அதிகாரி வந்தார். ஷௌகத்தைவிட வயதில் சின்னவர், மீசை சரியாக அரும்பவில்லை. எங்கள் தெருவில் படித்தவர்கள் எல்லோரும் எஞ்சினியர்தான் என்பதால் அவரும் எங்களுக்கு ‘எஞ்சினியர் ஆகா’, அதாவது எஞ்சினியர் ஐயா, ஆனார். கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்து அவர் சொல்ல ஆரம்பித்தார். இது தூணின் தலை. இரண்டு காளை முதுகுகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் தேவதாரு உத்தரம் உட்கார்ந்திருக்கும். சமவெளியின் வெயில் தாங்காமல் மாமன்னர்கள் கோடைக்கு இந்த மேட்டுக்கு ஏறி வந்துவிடுவார்கள். நீங்கள் எல்லோரும் அவர்களுடைய கூரைமேல் குடியிருக்கிறீர்கள். இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர், கழுத்து வலிக்கிறதே என்று நினைத்தபோதுதான் தாம் அண்ணாந்து பார்த்துப் பேசிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். காளைகளின் மார்பும் மடித்த முன்னங்கால்களும் தரைக்கு மேலே வந்திருந்தன. அவர் பேச்சை நிறுத்தினார். கல்லும் நின்றது.

"நிறுத்தாதீங்க எஞ்சினியர் ஆகா, சொல்லுங்க. பாதியில விட்டா பாவம், மூச்சு முட்டும்" என்றாள் ஷௌகத்.

பொழுது சாயும்வரை அவர் பேசினார். தலைநகரத்துக்கு எடுத்துச் செல்வதற்கு ஏற்பாடு செய்ய வந்தவர், நிலத்தடி நீர் காரணமாக இதை நகர்த்த இயலாது என்று எழுதிவிட்டுப் போனார். அந்த மேட்டில் நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒவ்வொரு கோடையும் கியான்பூர் வந்தார். தமக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். தெரியாது என்று சொன்னபோதும் கல் கொஞ்சம் ஏறியது. முதியோர் பள்ளியில் அகர வரிசை கற்றுத் தேறிய ஷௌகத்துக்கு அவர் மாமன்னர் காலத்து ஆப்பெழுத்தையும் காட்டித் தந்தார். அகப்பைக் காம்பின் முனையை ரொட்டி மாவில் அழுத்தினால் பழைய எழுத்து அச்சாக விழுந்தது. சில வருஷம் அந்த வீட்டில் ரொட்டி எல்லாம் எழுத்தோடுதான் வெந்தது. மஹினும் யதொல்லாவின் பிள்ளைகளும் மாமன்னர் பேரைத் தயிரில் தொட்டுத் தின்று வளர்ந்தார்கள்.

கேட்டதை எல்லாம் ஷௌகத் சொல்லித் தீர்த்தாள். லாரிக்காரர்களுக்கும், கல்யாணப் பெண்களுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும், சிப்பாய்களுக்கும் சொன்னாள். துருக்கி பேசும் கிராமத்தார் வந்தால் துருக்கியில், குர்துகள் வந்தால் குர்து மொழியில். அவளுக்கு மிகவும் பிடித்தது, அந்தக் காலத்துக் களஞ்சியத்தில் வேலைக்காரப் பெண்களுக்கும் படி அளந்தார்கள், பிள்ளை பெற்றவளுக்கு அந்த மாசம் கூடுதல் படி என்பது. குளியலறையில் இதை அவள் சொன்ன அன்று, பெண்கள் வீட்டுக்குப் போய்ப் புருஷன்மார்களிடம் கணக்குக் கேட்டார்கள். தெருவில் ஒரு வாரம் எந்த வீட்டிலும் அமைதி இல்லை. தூண் ஒரு முழம் ஏறியது.

அது கூரையைத் தொட்டதும் கூரையை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டிய வட்டத்தின் வழியே பனி உள்ளே விழுந்தது. யாரும் கேட்காமலே நஜஃப்கோலி ஏணி வைத்து ஏறி, தூணுக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்துகொண்டு போய், எண்ணெய் ஊறிய மாட்டுத்தோலில் ஒரு பட்டை தைத்துக் கொண்டுவந்து கழுத்துப்பட்டிபோல் கட்டினார். தூண் மேலே போனாலும் தோல் அதை வழுக்கவிட்டுப் பனியை மட்டும் நிறுத்தியது. வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் புதுப் பட்டை தைத்தார். அப்போதும் அவர் அடுக்களையில் சாப்பிட்டதில்லை. மார்புச் சளியில் அவர் இறந்த வருஷமும் பட்டை புதிதாகத்தான் இருந்தது.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். காளைகள் கூரையை எட்டாமல், கைக்கெட்டும் உயரத்தில் இருந்த காலம். யதொல்லா தன் மூத்த மகனுக்குக் கல்யாணம் பேசியிருந்தார். ஷௌகத் வீட்டில் இல்லாத ஒரு பகலில் கஞ்சனின் இடது காதை அறுத்து விற்றுவிட்டார். அதுவாக விழுந்தது, குப்பையோடு போய்விட்டது என்றார். ஷௌகத் சண்டை போடவில்லை. வருகிறவர்களுக்கு எல்லாம், யதொல்லா பக்கத்தில் இருக்கும்போதே, உத்தரத்தைச் சொல்லி, தேவதாருவைச் சொல்லி, "இது காது இருந்த இடம். இதோ உக்காந்திருக்காரே என் மைத்துனர், இவரு வெட்டினது" என்று சேர்த்துச் சொன்னாள். குரலை உயர்த்தாமல், தேதி சொல்வதுபோல. சம்பந்தி வீட்டார் வந்தபோதும் அப்படியே சொன்னாள். அவர்கள் போனதும் யதொல்லா, காதை வாங்கிய தெஹ்ரான் வியாபாரியின் விலாசத்தைச் சொல்லிவிட்டார்.

மஹினைக் கையில் பிடித்துக்கொண்டு ஷௌகத் பஸ் ஏறினாள். மெஷ்கீன் என்ற அந்த வியாபாரியின் கடை பெரிய கண்ணாடி வைத்த கடை. காது உள்ளே ஒரு பட்டுத் துணிமேல் இருந்தது. அவர் அதை எடுத்துக் காட்டக்கூட மறுத்தார். ஷௌகத் வாசற்படியில் சால்வையை விரித்து உட்கார்ந்து, கடைக்குள் போகிறவர், வருகிறவர், வெறுமே நடந்து போகிறவர் எல்லோரிடமும் தூணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நாட்கள் போயின. வெய்யில் ஏறியது. மெஷ்கீன் தாமே வெளியே வந்தார்.

"கானும், அம்மா, உங்களுக்கு வீடு வாசல் கிடையாதா?"

"இருக்கு ஆகா. அங்க ஒரு காளை ஒத்தைக் காதோட நிக்குது. அதுக்குச் சரியா கேக்கமாட்டேங்குது. அதான் இங்க வந்து காதுக்குப் பக்கத்துல பேசறேன்."

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவருக்கும் இன்னும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

போலீஸ்காரர் வந்தார். அவர் மலாயேர்காரர், எங்கள் பக்கத்து ஊர். முழுக்கதையும் கேட்டு முடித்துவிட்டு, "பாக்கி வெச்சிட்டீங்களே, அந்தக் காது எங்க?" என்று கேட்டார். மெஷ்கீன் காதைப் பழைய செய்தித்தாளில் சுற்றி ஷௌகத்தின் மடியில் வைத்து, உங்கள் வாய்க்கு ஒரு வியாபாரம் தாங்காது என்றார். திரும்பும் பஸ்ஸில் அவள் காதை மடியில் வைத்துக்கொண்டு பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். காது கைக்குக் கை மாறி, கடைசி வரிசைவரை போய்த் திரும்பியது. வீட்டுக்கு வந்தபோது, கேட்க யாரும் வராத வீட்டில் தூண் ஒரு சாண் ஏறியிருந்தது. பஸ் ஸாவே ஊரைத் தாண்டியிருக்கும் நேரம் அது என்று வீட்டில் இருந்தவர்கள் கணக்குப் பார்த்தார்கள். கேட்பவர் கல்லுக்கு முன்னால் நிற்கவேண்டும் என்பதில்லை என்று அன்றுதான் தெரிந்தது. காதை அறுத்த இடத்தில் பொருத்திக் களிமண் பூசிக் கட்டினாள். அடுத்த புத்தாண்டுக்குள், ஆப்பிள் மரத்தில் ஒட்டுப் போட்டது பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டது.

மஹினுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. வீட்டுப்பாடம் எழுதும்போது எதிரே யாராவது கால் தட்டிக்கொண்டு நின்று தூணைப் பற்றிக் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் அவளைக் "கன்னுக்குட்டி" என்பார்கள். பெண் பார்க்க வந்த தெஹ்ரான் குடும்பத்து மாமியார் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பொண்ணு வரும்போது இதுவும் கூடவே வருமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். "இது எங்கயும் வராதும்மா. ஆனா இவ வாயைத் திறந்தா பின்னாலயே வந்து நிக்கும்" என்றாள் ஷௌகத். மஹின் சிரிக்கவில்லை. வாயைத் திறப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள். தெஹ்ரானில் புருஷன் வீட்டாரிடம், அப்பா தோல் வியாபாரம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை. அம்மாவை வருஷத்துக்கு ஒருமுறை பார்க்க வருவாள், முற்றத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள்.

புரட்சி வந்த குளிர்காலத்தில், வெளியூர் இளைஞர்கள் சிலர் கடப்பாரைகளோடு வந்தார்கள். ராஜாக்களின் சின்னம் ஒன்றையும் விடப்போவதில்லை என்றார்கள். ஷௌகத் அவர்களுக்குத் தேநீரும் கற்கண்டும் வைத்தாள். நாங்கள் சுவர்மேல் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிண்ணங்களை நிரப்பிக்கொண்டே அவள் பேசினாள்.

"ராஜா போயிட்டான், நல்லதுதான். ஆனா இதைச் செதுக்கினது ராஜா இல்ல தம்பி. கூலிக்கு வந்தவன். அவனுக்குப் படி அளந்தாங்க, அவன் பொண்டாட்டி பிள்ளை பெத்தா கூடுதல் படி. கூலிக்காரன் வேலையை உடைக்கவா புரட்சி பண்ணினீங்க?"

கூடுதல் படி என்றால் எவ்வளவு என்று அவர்களில் ஒருவன் கேட்டான். அவன் மனைவிக்கு அது நிறைமாசம். ஷௌகத் சொன்னாள். கேள்விக்குமேல் கேள்வி வந்தது. போகும்போது கடப்பாரைகளில் ஒன்றை மறந்துவிட்டுப் போனார்கள். தோட்டத்துக்கு உதவியது.

பிறகு போர் வந்தது. விமானங்கள் வந்தன. முடிந்தவர்கள் மலையடித் தோட்டங்களுக்கு ஓடினார்கள். தூணைப் பார்க்க யாரும் வரவில்லை. அது மெல்ல இறங்க ஆரம்பித்தது. ஷௌகத் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கேட்க இன்னொரு ஆளின் காது வேண்டும், இல்லாவிட்டால் கல் அசையாது. எனவே அவள் வெளியே கிளம்பினாள். நிலவறைகளில் ஒதுங்கியிருந்தவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் கால் போனவர்களுக்கும் கை போனவர்களுக்கும் சொன்னாள். குண்டு விழும் சத்தத்துக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவே உள்ள நேரத்தில் ஒரு உத்தரத்தை ஏற்றி வைத்துவிடுவாள் என்று நர்ஸுகள் சொல்வார்கள். இறங்கியதும் ஏறியதும் சரியாக இருந்தது. தூண் நின்றது.

போரின் கடைசிக்கு முந்தைய வருஷம் அவள் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. வைத்தியர்கள் அறுத்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. பலகையில் எழுதிக் காட்டினாள். பாதிப் பேருக்குப் படிக்க வராது, படிக்கத் தெரிந்தவர்களுக்கு நிலவறையில் வெளிச்சம் போதாது. தூண் கூரைக்குக் கீழே போனது. நஜஃப்கோலியின் தோல் பட்டை நடுவில் ஒன்றுமில்லாமல் தொங்கியது, அதன் வழியே பனி அடுக்களையில் விழுந்தது. ஷௌகத் குடை பிடித்துக்கொண்டு சமைத்தாள். பலகையை மட்டும் கீழே வைக்கவில்லை. கதவில்லாத அந்த வாசலில் நின்று, தெருவில் யார் போனாலும் தூக்கிக் காட்டினாள்.

தெஹ்ரானில் ஏவுகணைகள் விழ ஆரம்பித்தபோது மஹின் இரண்டு பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்போது காளைகள் தாடைவரை தரைக்குள் போயிருந்தன. அதே வாரம் தெற்கே எல்லை ஊரில் வீட்டை இழந்த நயீமா என்ற பெண்ணை, யதொல்லா இறந்தபின் காலியாகக் கிடந்த அவர் அறையில் தங்கவைத்தார்கள். நயீமா மூட்டையை அடுக்களையில் இறக்கிவிட்டு, தரையில் கிடந்த இரண்டு கல் தலைகளைப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். ஷௌகத் பலகையைத் தேடினாள். நயீமாவுக்குப் படிக்கத் தெரியாது. ஷௌகத் மகளைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள் மஹின்.

நயீமா மூட்டைமேல் உட்கார்ந்தாள். "எங்க ஊர்ல வீடு இருந்த இடத்துல வீடே இல்ல. இங்க வீட்டுக்குள்ள கல்லு முளைச்சுக் கிடக்கு. என்னன்னு கேட்டா வீட்டுக்காரிக்கே தெரியாதுங்கறீங்க."

மஹின் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி முனையால் தரையில் கிடந்த தலைகளைக் காட்டினாள்.

"மாடு" என்றாள். "ரெண்டு மாடு. இது பசிச்சவன், அது கஞ்சன்."

பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. காது போய் வந்ததைச் சொன்னாள். உத்தரத்தைச் சொன்னாள், மன்னர்கள் வெயிலுக்குப் பயந்து ஏறி வந்ததைச் சொன்னாள், கல்லை மலையிலிருந்து மரச்சறுக்கில் இறக்கியதை, அயோனியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் வந்த தச்சர்களை, பிள்ளை பெற்றவளுக்கு அளந்த கூடுதல் படியைச் சொன்னாள். பெருக்கல் வாய்பாட்டோடும் எழுத்துப் பயிற்சியோடும் கலந்து காதில் விழுந்ததெல்லாம் அம்மாவின் வார்த்தைகளிலேயே, அம்மா மூச்சு வாங்கும் இடங்களில் மூச்சு வாங்கி, வெளியே வந்தது. காளைகள் எழுந்தன. நயீமா மூட்டையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, மேலே சொல்லுங்க என்றாள். நடுவே உத்தரத்தை வால்நட் மரம் என்று மஹின் சொல்லிவிட்டபோது ஷௌகத் அகப்பையால் பானை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"சரி, தேவதாரு" என்றாள் மஹின். பிறகு அம்மாவைப் பார்த்து, "பிறந்ததுலேருந்து காதுல ஊத்தினியே, அது எங்க போகும்?" என்றாள். அவள் கோபமாகத்தான் சொன்னாள். கண்ணில் நீர் இருந்தது. வெங்காயம் என்றும் சொல்லலாம். ஷௌகத் எழுந்து வந்து, மகள் கையிலிருந்த கத்தியை வாங்கி மிச்ச வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினாள், அவள் பேசட்டும் என்று. சாயங்காலத்துக்குள் கொம்புகள் தோல் பட்டையை மோதிக்கொண்டு வெளியே போயின.

போர் முடிந்ததும் மஹின் தெஹ்ரானுக்குத் திரும்பினாள். ஆனால் இப்போது வாய் திறந்துவிட்டது. வாடகைக் காரில் கூட உட்கார்ந்திருப்பவர்களிடம், பல் வைத்தியர் வீட்டில் காத்திருப்பவர்களிடம், முக்கியமாக மாமியாரிடம் சொன்னாள். அவள் அங்கே சொல்வதை ஷௌகத் இங்கே தூணைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். பகல் பத்துமணிக்குத் தூண் ஏறினால், மஹின் காய்கறி வாங்கப் போயிருக்கிறாள் என்று பலகையில் எழுதிக் காட்டுவாள். நயீமா தன் ஊருக்குத் திரும்பிப் போய் அங்கேயும் சொன்னாள். அவள் அரபியில் சொன்னதும் இங்கே ஏறியது. கடைசியில் மஹினும் அவள் புருஷனும் ஓய்வு பெற்று எங்கள் மேட்டுக்கே வந்துவிட்டார்கள்.

அடிபீடம் வந்த வருஷம் ஷௌகத் கைத்தடியோடு நடந்துகொண்டிருந்தாள். கவிழ்த்த மணிபோன்ற கல், சுற்றிலும் ஆப்பெழுத்து வரி. கியான்பூரும் நரைத்த தலையோடு வந்திருந்தார். அவர் படிக்கட்டும் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். அவர் ஷௌகத்தின் கையைப் பிடித்து முதல் எழுத்தின்மேல் வைத்தார். அவள் விரலால் தொட்டுத் தொட்டுச் சுற்றி வந்தாள். மாமன்னர் பேர், அவர் அப்பா பேர், அவர் அப்பா பேர், இந்த மண்டபத்தை நான் கட்டினேன், கடவுள் இதைக் காக்கட்டும். சுற்றி முடித்ததும் பலகையில், "செதுக்கினவன் பேரு இல்ல" என்று எழுதினாள். கியான்பூர், இருக்காது கானும் என்றார். அன்றிலிருந்து மஹின் அந்த வரியையும் சேர்த்துச் சொல்கிறாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஷௌகத் இறந்தாள். ஊரே மேட்டுக்கு ஏறி வந்தது. துருக்கியிலும் குர்து மொழியிலும் அழுதார்கள். அன்று தூண் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. வளர வேண்டியது முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு அகழாய்வுக்காக மேட்டு வீடுகளை எல்லாம் விலைக்கு வாங்கினார்கள். சுவர்களை எடுத்தார்கள், தூண் வெட்டவெளியில் நின்றது. பாதுகாப்புக்காகச் சுற்றிலும் இரும்பு வேலி போட்டு, அருகே வரக்கூடாது, பேசக்கூடாது என்று பலகை வைத்தார்கள். அடிபீடத்தின் எழுத்துவரி பாதிவரை மண்ணுக்குள் போனதும் அவர்களே வேலியை எடுத்தார்கள். இதற்காக யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. இப்போது கொம்புகளுக்கு நடுவே நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. மஹின் கீழே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள், மூட்டு வலி இல்லாத நாட்களில்.

வலி உள்ள நாட்களில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வழி கேட்கிறவர்களுக்கு வழியோடு சேர்த்துத் தூணைப் பற்றி ஒன்றைச் சொல்லி அனுப்புவது எங்கள் ஊர் வழக்கம். பஸ் டிரைவர்கள் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொல்வார்கள், பயணிகள் அவசரப்படுத்துவதில்லை. இந்த வருஷம் பனி அதிகம், வெளியூரார் வரவில்லை, தை மாதத்தில் மூன்று விரல் இறங்கியது. அதனால் கீழ்த்தெரு ரொட்டிக்கடை ரஸ்தம் ஆகா, வரிசையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் தேவதாரு உத்தரத்தைப் பற்றியோ கூடுதல் படியைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ரொட்டியைக் கொடுக்கிறார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். நின்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். வரிசை கொஞ்சம் நீளமாகிறது. ரொட்டி நன்றாக இருக்கிறது.